காதோரம் ஒரு கட்டி

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும்.

இடது காதுமடலுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. மூன்று வருஷமாக இருக்கிறது. வலி இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், ஈரோடு

விடாதீர்கள். வலிக்காத கட்டி நல்ல கட்டி என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. புற்றுநோய்க் கட்டிகளில் பலவும் வெகுகாலம் வலிக்காமலே இருக்கும். அதற்காக இன்றிரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். காதுக்கு முன்னும் கீழும் இருப்பது பரோட்டிட் சுரப்பி. அதில் வரும் கட்டிகளில் 100-க்கு 80 சாதாரணக் கட்டிதான். அவற்றிலும் பெரும்பாலானவை ‘ப்ளியோமார்ஃபிக் அடினோமா’ என்ற வகை. சாதுவான கட்டி. ஆனால் வருஷக்கணக்கில் சுமந்தால் சிலருக்கு அதுவே புற்றாக மாறும். பத்துப் பதினைந்து வருஷம் சும்மா கிடந்த கட்டி இரண்டே மாதத்தில் இரட்டிப்பாகி, ஆள் ஓடிவருவது அதனால்தான். மூன்று வருஷம் பொறுத்துவிட்டீர்கள். மூன்று வாரத்துக்குள் காது-மூக்கு-தொண்டை மருத்துவரையோ, தலை-கழுத்து அறுவை நிபுணரையோ பாருங்கள்.

மேல் அண்ணத்தில் சின்னதாக ஒரு மொக்கு. பல்செட் உரசியதால் வந்தது என்று நினைத்தேன். பல் டாக்டர் ‘எச்சில் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம்’ என்கிறார். அண்ணத்தில் ஏது எச்சில் சுரப்பி?
– வாசகி, மதுரை

இருக்கிறது அம்மா. நமக்குத் தெரிந்த பெரிய சுரப்பிகள் 3 ஜோடி: காதோரம், தாடைக்கடியில், நாக்குக்கடியில். அவை போக அண்ணம், உதடு, கன்னத்தின் உட்புறம், தொண்டை என்று 600 முதல் 1,000 வரை குட்டிச் சுரப்பிகள் பரவிக் கிடக்கின்றன. சுரப்பி சின்னதாகச் சின்னதாகச் சந்தேகம் பெரிதாக வேண்டும். பரோட்டிட் கட்டிகளில் ஐந்தில் ஒன்றுதான் புற்று. தாடைக்கடிச் சுரப்பியில் கிட்டத்தட்டப் பாதி. குட்டிச் சுரப்பிகளில் பாதிக்கும் மேல். நாக்குக்கடியில் வந்தால் பெரும்பாலும் புற்றுதான். பல்செட்டைக் கழற்றி வைத்து இரண்டு வாரம் பாருங்கள். மொக்கு அடங்காவிட்டால் பயாப்சி. உங்கள் பல் டாக்டர் கெட்டிக்காரர், அவரை மாற்றாதீர்கள்.

சாப்பாட்டைப் பார்த்தாலே தாடைக்கடியில் வீங்கி வலிக்கிறது. ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. புற்றுநோயா?
– வாசகர், நாகர்கோவில்

பெரும்பாலும் கல். எச்சில் வெளியே வரும் குழாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும். வடியாமல் தங்கிவிடும் வீக்கத்தைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

மகனுக்குக் கூகைக்கட்டு வந்து போனது. பிற்காலத்தில் அது புற்றுநோயாக மாறுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

மாறாது. அது வைரஸ். காய்ச்சலோடு வந்து, பத்து நாளில் தன் வழியே போய்விடும்.

அப்பாவுக்கு வலது பக்கம் முகம் கோணிவிட்டது. முகவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், பயிற்சியும் சொன்னார்கள். ஐந்து மாதம் ஆகியும் நேராகவில்லை. இன்னும் எவ்வளவு நாள் பொறுப்பது?
– வாசகர், திருச்சி

ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்.

பரோட்டிட் சுரப்பிக்குள் முகநரம்பு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். புத்தகத்தின் நடுப்பக்கத்தில் வைத்த மயிலிறகு மாதிரி, சுரப்பியின் மேல் பகுதிக்கும் அடிப் பகுதிக்கும் இடையில் விரிந்து படுத்திருக்கிறது. நெற்றியைச் சுருக்க, கண்ணை மூட, கன்னத்தை அசைக்க, கீழுதட்டை இறக்க, கழுத்துத் தோலை இழுக்க என்று அதற்கு 5 கிளைகள். சாதாரணக் கட்டி இந்த நரம்பைத் தள்ளும், நெருக்கும். ஆனால் பெரும்பாலும் செயலிழக்கச் செய்யாது. நரம்பைத் தின்பது புற்றுதான்.

சாதாரண முகவாதம் சட்டென்று வரும். இரண்டு மூன்று நாளில் முழுக் கோணலும் வந்துவிடும். பிறகு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். மூன்று நான்கு மாதத்தில் அசைவே திரும்பவில்லை என்றாலோ, கோணல் வாரம் வாரமாகக் கூடிக்கொண்டே வந்தது என்றாலோ, முதலில் கண் மட்டும், பிறகு உதடு மட்டும் என்று தவணை முறையில் வந்தது என்றாலோ, அதை முகவாதம் என்ற பெயரில் மூடி வைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள். மூளையை மட்டும் எடுத்து ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார்கள். ‘பரோட்டிட்டையும் சேர்த்துப் பாருங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். காதடியில் கட்டி கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்றில்லை. அடிப் பகுதியில் இருந்தால் தட்டுப்படாது.

ஊசி குத்திப் பார்த்தால் புற்று பரவிவிடும் என்கிறார் என் சம்பந்தி. உண்மையா?
– வாசகர், சேலம்

சம்பந்தியிடம் மரியாதையாக ‘இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். எஃப்.என்.ஏ.சி. என்னும் மெல்லிய ஊசிப் பரிசோதனை, இரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பெரியதல்ல. அது பரப்பாது. ஊசியில் வரும் செல்களை எப்படி வகைப்படுத்தி எழுத வேண்டும் என்பதற்கு 2018 முதல் ‘மிலான் முறை’ என்று உலகம் முழுக்க ஒரே அளவுகோல் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்று வந்தால் லேப் மேல் கோபப்படாதீர்கள். இந்தச் சுரப்பியில் அது சகஜம். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே இன்னும் சற்றுத் தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கலாம். பயப்பட வேண்டியது கத்திக்கு. பரோட்டிட் கட்டியைக் கீறித் திறந்து ‘கொஞ்சம் சாம்பிள்’ எடுப்பது கூடவே கூடாது.

எங்கள் ஊர் டாக்டர், ‘சின்னக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்’ என்கிறார். செலவும் குறைவு. சரிதானே?
– வாசகி, திண்டுக்கல்

இந்த ஒரு கேள்விக்காகவே மற்ற கடிதங்களையெல்லாம் ஒத்திவைத்திருப்பேன். சம்மதிக்காதீர்கள்.

ஒரு காலத்தில் உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். தோலைக் கீறி, கட்டியை மட்டும் பிதுக்கி எடுத்தார்கள். ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் கட்டி திரும்பி வந்தது. ப்ளியோமார்ஃபிக் அடினோமாவின் மேலுறை மெல்லியது. உறை கிழிந்தால் உள்ளே இருப்பது சிந்தும். சிந்திய ஒவ்வொரு துளியும் பல வருஷம் கழித்துத் தனித்தனிக் கட்டியாக முளைக்கும். ஒன்றாக இருந்தது பத்தாகும், பழைய தழும்புக்குள் நரம்பைத் தேடுவதே பெரும்பாடாகும். சாதுவான கட்டிக்கே இந்தக் கதி. அது புற்றாக இருந்துவிட்டால், முழுதாகக் குணமாகும் முதல் வாய்ப்பு அந்த அரை மணி நேரத்திலேயே போய்விடும்.

சரியான அறுவை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முழு மயக்கம். காதின் முன்புறம் தொடங்கி, மடலைச் சுற்றி, கழுத்துச் சுருக்கத்துக்குள் மறைகிற மாதிரி ஒரு கீறல். அடுத்து நிபுணர் தேடுவது கட்டியை அல்ல, நரம்பை. காதுத் துளைக்கு முன்னால் உள்ள குருத்தெலும்பு உட்புறமாகக் கூராக முடியும். அந்தக் கூர் காட்டும் திசையில் ஏறக்குறைய 1 செ.மீ. ஆழத்தில் வெள்ளையாக, பளபளப்பாக நரம்பின் அடித்தண்டு கிடக்கும். அது கண்ணில் பட்ட பிறகுதான் மற்றது எல்லாம். தண்டைப் பிடித்து, ஒவ்வொரு கிளையாகத் தொடர்ந்து, கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு சேர்த்து எடுப்பார்கள். முகத்தசைகளில் மெல்லிய மின்முனைகள் செருகியிருக்கும். கருவி நரம்பைத் தொட்டால் மானிட்டர் சத்தம் போடும். இது அரை மணி நேர வேலை இல்லை.

உங்கள் டாக்டரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: ‘நீங்கள் முகநரம்பைக் கண்டுபிடித்துத்தானே எடுப்பீர்கள்?’ நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தனக்குப் பழக்கமில்லை என்றால் பழக்கமுள்ளவரிடம் அனுப்பிவைப்பார்.

பரோட்டிட் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம். ஊறுகாயைத் தொட்டாலே அந்தக் கன்னத்தில் வியர்வை வடிகிறது! என்ன கோளாறு இது?
– வாசகர், கும்பகோணம்

கோளாறு சின்னது, பின்னே ஒரு பெரிய மனுஷி இருக்கிறார். எச்சில் சுரக்கச் சொல்லும் மெல்லிய நரம்பு இழைகள் அறுவையில் அறுபடும். மீண்டும் வளரும்போது வழி தவறித் தோலின் வியர்வைச் சுரப்பிகளோடு போய் இணைந்துகொள்ளும். அப்புறம் நாக்கில் புளிப்பு பட்டால் கன்னம் வியர்க்கும். இதை 1923-ல் தெளிவாக விளக்கியவர் லூட்சியா ஃப்ரே என்ற போலந்து நரம்பியல் மருத்துவர். யூதப் பெண். நாஜி ஆக்கிரமிப்பின்போது 1942-ல் லுவோவ் நகரத்து கெட்டோவில் உயிரிழந்தார். உலகத்துப் பாடப்புத்தகங்களில் இந்த வியர்வைக்கு இன்றும் அவர் பெயர்தான். தொல்லை அதிகமானால் அந்த இடத்துத் தோலில் போடாக்ஸ் ஊசி போடலாம், பல மாதம் தாங்கும்.

அக்காவுக்குக் கட்டி எடுத்தாயிற்று. ஒரு லேப்பில் ‘அசினிக் செல் கார்சினோமா’ என்கிறார்கள், இன்னொன்றில் ‘செக்ரிட்டரி கார்சினோமா’ என்கிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது, புற்று புற்றுதானே?
– வாசகி, கோவை

பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. மொத்தப் புற்றுநோய்களில் 100-க்கு 1 கூடத் தேறாத இந்த நோய்க்குள் 20-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகை எடுத்தால் போதும் என்று அடங்கிவிடும். சில வகை இரண்டு வருஷத்தில் நுரையீரலுக்குப் போகும். இன்னும் சில இருபது வருஷம் காத்திருந்து திரும்பும். இத்தனை வகையையும் ஒரு பொது லேப் டாக்டர் தன் வாழ்நாளில் சில முறைதான் பார்த்திருப்பார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அரிய நோய் என்றால் அதுதான் அர்த்தம்.

உங்கள் அக்காவின் வகைக்கு ஒரு வரலாறே இருக்கிறது. செக்ரிட்டரி கார்சினோமா தனி நோய் என்று 2010-ல்தான் தெரிந்தது. செக் நாட்டின் அலேனா ஸ்காலோவா என்ற நோய்க்கூறியல் நிபுணரும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். அதற்கு முன் அவற்றில் பலவும் அசினிக் செல் என்ற பெயரில்தான் ரிப்போர்ட் ஆகியிருந்தன. அந்தச் செல்களில் ‘ஈ.டி.வி.6’, ‘என்.டி.ஆர்.கே.3’ என்ற இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலோருக்கு அறுவையிலேயே முடிந்துவிடும். முடியாமல் பரவியவர்களுக்கு என்ன வழி என்று விழித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஒட்டலையே குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மாத்திரைக்கு 2018-ல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி கொடுத்தது. அசினிக் செல் என்று எழுதி மூடிய ஃபைலில் அந்த மாத்திரைக்கு வழியே கிடையாது.

ஆகவே செய்ய வேண்டியது: அறுவை நடந்த இடத்தில் பாரஃபின் பிளாக் கேளுங்கள். உங்கள் அக்காவின் கட்டித் துண்டு மெழுகில் பதிந்த, தீப்பெட்டியைவிடச் சின்னச் சதுரம் அது. மேலே நம்பர் எழுதியிருக்கும். எழுதிக் கொடுத்தால் தருவார்கள். கூடவே கண்ணாடி ஸ்லைடுகளையும் வாங்குங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் மாதிரி தலை-கழுத்துப் புற்றை அன்றாடம் பார்க்கும் இடத்தில் மறுவாசிப்புக்குக் கொடுங்கள். வெயிலில், பைக் பெட்டியில் வைத்து எடுத்துப்போகாதீர்கள், மெழுகு இளகும். ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஜெராக்ஸில் செல் தெரியாது.

ஆபரேஷன் வேண்டாம், கீமோவிலேயே கரைத்துவிட முடியாதா?
– வாசகர், வேலூர்

இந்தப் புற்றை கீமோ அவ்வளவாகக் கரைப்பதில்லை. அறுவைதான் முதல். வீரியம் கூடிய வகை, நரம்பில் ஏறியது, கழுத்து நெறிகட்டிக்குப் போனது, ஓரம் வரை எட்டியது என்றால் அடுத்து ரேடியேஷன், நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்களே, அது. 30 முதல் 33 நாள் வரை வரும், வாரத்துக்கு 5 நாள். பரவிய நோய்க்கு மருந்து தேடும்போது மறுபடியும் வகைதான் பேசும். ‘சாலிவரி டக்ட் கார்சினோமா’ என்று ஒரு முரட்டு வகை. மைக்ராஸ்கோப்பில் மார்பகப் புற்றின் சாயலில் இருக்கும். அதில் பலருக்கு ஆண் ஹார்மோன் ஏற்பி (ஏ.ஆர்.) இருக்கும், கணிசமானவர்களுக்கு ‘ஹெர்-2’ புரதமும் இருக்கும். முன்னதற்குப் புரோஸ்டேட் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து, பின்னதற்கு மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து. ஆகவே அந்த ரிப்போர்ட் வந்தால் ‘ஹெர்-2, ஏ.ஆர். பார்த்தாயிற்றா?’ என்று கேட்பது உங்கள் உரிமை.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போடலாமா?
– வாசகி, விருதுநகர்

தோலில் போடும் பற்று தோலோடு நிற்கும். கட்டி அதற்குக் கீழே.

எனக்கு வெற்றிலைப் புகையிலைப் பழக்கமில்லை, பீடி இல்லை, குடி இல்லை. எனக்கு ஏன் வந்தது?
– வாசகர், புதுச்சேரி

உங்கள் தவறால் வரவில்லை ஐயா. வாய்ப் புற்றுக்குப் புகையிலை காரணம் என்பதில் சந்தேகமே இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கு அப்படி நிரூபணமான காரணம் பெரும்பாலோரிடம் கிடைப்பதில்லை. அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் டோனி க்வின் பல வருஷம் வாயில் புகையிலை அடக்கியவர். 2010-ல் பரோட்டிட் புற்று வந்தது, 2014-ல் 54 வயதில் காலமானார். புகையிலைதான் காரணம் என்று அவரே நம்பினார். அந்த மரணத்துக்குப் பிறகு பேஸ்பாலில் புகையிலைக்குக் கட்டுப்பாடு வந்தது, அது நல்லதுதான். ஆனாலும் அந்தத் தொடர்பை அறிவியல் உறுதி செய்யவில்லை. உறுதியானது கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களிடையே இந்தச் சுரப்பிக் கட்டிகள் கூடுதலாக வந்தன. சிறுவயதில் தலை, கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கும் அப்படியே. செல்போன்? ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள், நிரூபணம் இல்லை. ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். தெம்பெல்லாம் சிகிச்சைக்கு வேண்டும்.

கரண்ட் வைத்த பிறகு வாய் காய்ந்துபோகிறது, பல் ஆடுகிறது. முன்பே தடுத்திருக்க முடியாதா?
– வாசகர், தூத்துக்குடி

பாதியைத் தடுத்திருக்கலாம். ரேடியேஷன் தொடங்குவதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்து, புண் ஆறிய பிறகே ஆரம்பிக்க வேண்டும். எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். இப்போது செய்யக்கூடியது: ஃப்ளோரைடு பேஸ்ட், கையோடு தண்ணீர் பாட்டில், சோற்றைக் குழைத்து ரசமோ மோரோ நிறைய விட்டுச் சாப்பிடுவது. ஆடும் பல்லை மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். ரேடியேஷன் பட்ட தாடை எலும்பு எளிதில் ஆறாது. புற்று மருத்துவரிடம் சொல்லிவிட்டே பல்லில் கை வைக்கச் சொல்லுங்கள்.

புற்று நரம்புக்குள் போய்விட்டது என்று என் மனைவியின் முகநரம்பையே வெட்டிவிட்டார்கள். கண் மூடவில்லை. கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

நிறையச் செய்யலாம். தாமதிக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கண். மூடாத கண்ணின் கருவிழி காய்ந்து புண்ணாகும், பார்வையே போகும். பகலில் கண்ணீர் போன்ற சொட்டு மருந்து அடிக்கடி, இரவில் கண் களிம்பு போட்டு இமையை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். இதை இன்றிரவே தொடங்குங்கள், இதற்கு நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்து, மேலிமைக்குள் சின்னத் தங்க எடை வைத்துத் தைப்பார்கள். அதன் கனத்தில் இமை தானே இறங்கும். சின்ன அறுவைதான், வெளியே தெரியாது.

நரம்பை வெட்டும்போதே கழுத்திலிருந்தோ கெண்டைக்காலிலிருந்தோ உணர்ச்சி நரம்பு ஒன்றை எடுத்து ஒட்டுப் போடுவதுதான் நல்லது. அப்போது செய்யவில்லை என்றாலும் சில மாதங்களுக்குள் பிளாஸ்டிக் அறுவை நிபுணர் செய்ய முடியும். நாளாக ஆக முகத்தசை மெலிந்துபோகும், அதனால்தான் அவசரம். ஒட்டு போட்ட உடனே முகம் அசையாது. ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகும். பழைய சிரிப்பு அப்படியே திரும்பாது, ஆனால் வாய் ஒரு பக்கம் தொங்காமல் நிற்கும். ரேடியேஷன் பாக்கி இருந்தாலும் ஒட்டு பிடிக்கும், அதைச் சொல்லித் தட்டிக் கழித்தால் வேறு இடம் பாருங்கள். தொங்கும் கன்னத்தைத் தொடைச் சவ்வால் தூக்கிக் கட்டும் அறுவையும் உண்டு.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: நரம்பை விட்டுக்கொடுத்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். முகத்தை மீட்கும் வேலை இனி ஆரம்பிக்கிறது, அதற்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அண்ணத்தில் ‘அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா’. ஆபரேஷன், ரேடியேஷன் இரண்டும் ஆயிற்று. ஐந்து வருஷம் தாண்டினால் குணம் என்பார்கள், நாங்களும் விருந்து வைத்துக் கொண்டாடிவிட்டோம். இனி செக்கப் எதற்கு?
– வாசகர், கோலாலம்பூர்

கொண்டாடியது சரி, கைவிட்டது சரியில்லை. ஐந்து வருஷக் கணக்கு பல புற்றுகளுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இது மெதுவாக நகரும், நரம்பின் உறைக்குள்ளேயே ஊர்ந்து கபாலத்தின் அடிவரை போகும். கழுத்து நெறிகட்டிகளை விட்டுவிட்டு இரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போவதும் இதன் குணம். 10, 15, 20 வருஷம் கழித்துத் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் நுரையீரலில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தாலும் உடனே உலகம் முடிந்துவிடுவதில்லை. வருஷத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் வளரும் பொட்டுகளை மருந்தே கொடுக்காமல் கவனித்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு பல வருஷம் நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் எடுத்துவிடவும் செய்யலாம்.

எனவே வருஷத்துக்கு ஒரு முறை மார்பு சி.டி. ஸ்கேன். அண்ணத்தையும் கபால அடியையும் பார்க்க எம்.ஆர்.ஐ. எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். இடையில் மேலுதடோ கன்னமோ மரத்துப்போனாலும், எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திராமல் அன்றே போன் செய்யுங்கள். பழைய எம்.ஆர்.ஐ. குறுந்தகடுகளை எறிந்துவிடாதீர்கள். புதிய படத்தில் தெரியும் நிழல் தழும்பா, கட்டியா என்பதை ஒன்பது வருஷத்துக்கு முந்தைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் ரேடியாலஜிஸ்டால் சொல்ல முடியும்.